பிரபலமான பயான் பேச்சாளரை விமர்சித்தால் அது புறம் பேசுவதாகுமா?

ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்கள் வீட்டில் ஒரு பிரபலமான பேச்சாளரின் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) தினமும் இஷா தொழுகைக்குப் பிறகு ஓடும். அவர் நபி (ஸல்) அவர்களைப் பற்றிச் சொன்ன ஒரு சம்பவம் எந்த ஹதீஸ் (நபிமொழி) நூலிலும் இல்லை என்று சொன்னேன். அத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. 'உலமாக்களின் (மார்க்க அறிஞர்களின்) இறைச்சி விஷம், தெரியுமா? அவர் தொழுகிற தொழுகையில் பாதியாவது நீ தொழுகிறாயா?' என்று கேட்டார். நான் செய்தது புறம் பேசியதாகுமா?"

முதலில் நேரடியாகவே பதிலைச் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்ன செய்திக்கு ஆதாரம் இல்லை என்று நீங்கள் சொன்னது புறம் அல்ல. நபியின் பெயரால் ஒரு செய்தி சொல்லப்படும்போது "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்பது இந்த மார்க்கத்தின் அறிஞர்கள் ஆயிரம் வருடங்களுக்கு மேலாகச் செய்துவரும் வேலை. ஆனால் உங்கள் அத்தாவின் கோபத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் கடைசியில் சொல்கிறேன்.

அத்தா சொன்ன அந்த வாசகத்திலிருந்தே தொடங்கலாம். "உலமாக்களின் இறைச்சி விஷம் கலந்தது" என்பது குர்ஆன் வசனமும் அல்ல, ஹதீஸும் அல்ல. ஹிஜ்ரி 571இல் இறந்த திமிஷ்க் (டமாஸ்கஸ்) நகரத்து அறிஞர் இப்னு அஸாகிர் எழுதியது. இமாம் அபுல் ஹசன் அல்அஷ்அரீ மீது சிலர் இட்டுக்கட்டிய அவதூறுகளுக்கு மறுப்பாக அவர் ஒரு நூல் எழுதினார். அந்த நூலில் வரும் எச்சரிக்கை இது. ஓர் அறிஞர்மேல் இல்லாத பழியைச் சுமத்தாதே, அப்படிச் செய்தவர்களை அல்லாஹ் என்ன செய்தான் என்பது தெரிந்ததுதான் என்பது அதன் பொருள். அறிஞர் சொன்ன தவறைத் தவறு என்று சொல்லாதே என்று அதற்குப் பொருள் கொள்ள வழியே இல்லை. ஏனென்றால் அதே இப்னு அஸாகிர்தான் திமிஷ்கின் வரலாற்றைப் பல பத்துத் தொகுதிகளாக எழுதியவர். அதில் "இந்த அறிவிப்பாளர் (ஹதீஸை எடுத்துச் சொல்பவர்) பலவீனமானவர்", "இவர் பொய்யர்", "இவரை ஹதீஸ் அறிஞர்கள் கைவிட்டுவிட்டார்கள்" என்ற விமர்சனங்களை இடம் இடமாக அவர் பதிவு செய்திருக்கிறார்.

புறம் பேசுவது இறந்த சகோதரனின் இறைச்சியைத் தின்பது போன்றது என்று சொல்லும் வசனம் ஹுஜுராத் அத்தியாயத்தில் 12ஆவது. அதே அத்தியாயத்தின் 6ஆவது வசனம், தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் என்கிறது. நம் மேடைகளில் முதல் வசனத்தைக் கேட்கும் அளவுக்கு இரண்டாவதைக் கேட்க முடிவதில்லை. இரண்டையும் சேர்த்து வாசித்த அறிஞர்கள், புறம் எங்கே முடிகிறது, விசாரணை எங்கே தொடங்குகிறது என்பதைத் தெளிவாகவே வரையறுத்திருக்கிறார்கள். இமாம் நவவீ ரியாளுஸ் ஸாலிஹீனில் ஆறு சந்தர்ப்பங்களில் ஒருவரைப் பற்றி அவர் இல்லாதபோது பேசலாம் என்கிறார். அநியாயம் இழைக்கப்பட்டவன் முறையிடுவது, ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கேட்பது என்று போகும் அந்தப் பட்டியலில் முஸ்லிம்களைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதும் ஒன்று. அதற்கு அவர் தரும் முதல் உதாரணமே ஹதீஸ் அறிவிப்பாளர்களின் குறையைச் சொல்வதுதான். அது கூடும் என்பதில் முஸ்லிம்களிடையே கருத்து வேறுபாடே இல்லை, தேவைப்படும்போது கடமையும்கூட என்கிறார்.

இதற்கு நபியவர்களின் வாழ்விலேயே முன்மாதிரி இருக்கிறது. பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை முஆவியாவும் அபூஜஹ்மும் பெண் கேட்டார்கள். அவர் நபியவர்களிடம் ஆலோசனை கேட்க வந்தபோது, "அபூஜஹ்ம் தோளிலிருந்து கம்பைக் கீழே வைக்காதவர், முஆவியாவோ பொருள் இல்லாத ஏழை" என்று சொல்லி, உஸாமாவை மணந்துகொள்ளச் சொன்னார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஒரு பெண்ணின் இல்லற வாழ்வைக் காக்க இரண்டு தோழர்களின் குறையை, தேவையான அளவுக்கு மட்டும் எடுத்துச் சொல்லலாம் என்றால், லட்சக்கணக்கானோரின் மார்க்க அறிவைக் காக்க ஒரு பேச்சின் குறையைச் சொல்வது எப்படிக் கூடாததாகும்?

சரி, அத்தாவின் அடுத்த வாதத்துக்கு வருவோம். "அவ்வளவு அமல் செய்கிறவர், அழுது துஆ செய்கிறவர், அவர் பொய் சொல்வாரா?" நம் மக்கள் மனதில் இருக்கும் உண்மையான தடை இதுதான் என்று நினைக்கிறேன். இதை முன்னோர்கள் நேருக்கு நேர் சந்தித்திருக்கிறார்கள். இமாம் முஸ்லிம் தம் ஸஹீஹ் நூலுக்கு எழுதிய முன்னுரையை ஒரு தடவையாவது முழுமையாகப் படித்துப் பாருங்கள். ஹதீஸ் கலையின் பெரும் அறிஞர் யஹ்யா பின் ஸயீத் அல்கத்தான் சொல்கிறார்: நல்லடியார்கள் ஹதீஸில் பொய் சொல்வதைப் போல வேறு எதிலும் பொய் சொல்லி நாம் பார்த்ததில்லை. இமாம் முஸ்லிமே அதற்கு விளக்கமும் தருகிறார்: அவர்கள் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை, பொய் அவர்கள் நாவில் தானாக வந்துவிடுகிறது. அதே முன்னுரையில் அபுஸ் ஸினாத் சொல்வதும் வருகிறது: மதீனாவில் நூறு பேரைச் சந்தித்தேன், எல்லோருமே நம்பத் தகுந்த நல்லவர்கள், ஆனால் அவர்களிடமிருந்து ஹதீஸ் எடுக்கப்படுவதில்லை.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒருவர் நல்லவர் என்பது ஒன்று, அவர் சொல்லும் செய்தி சரி என்பது வேறொன்று. நள்ளிரவில் எழுந்து தஹஜ்ஜுத் தொழுகிறவருக்கும் மறதி வரும். கண்ணீர் விடுகிறவரும் கேட்டதையெல்லாம் நம்பிவிடக்கூடும். நல்ல உள்ளம் கொண்டவர்கள்தான் பிறரைச் சந்தேகப்பட மாட்டார்கள். அதனாலேயே அவர்கள் காதில் விழும் கதை வடிகட்டப்படாமல் வெளியே வரும். இமாம் புகாரியின் ஆசிரியர் அலீ பின் அல்மதீனியிடம் அவருடைய சொந்தத் தகப்பனாரைப் பற்றிக் கேட்டார்கள். தயங்கிவிட்டு, "இது மார்க்கம். அவர் ஹதீஸில் பலவீனமானவர்" என்றார். தகப்பனாரை அவமதிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்குமா? அத்தாவிடம் இந்தச் சம்பவத்தைச் சொல்லிப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட வேதனையான உதாரணம் குலாம் கலீல் என்பவருடையது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த துறவி. உலக ஆசைகளை விட்டவர், மிக எளிய உணவு உண்டவர், மக்களின் பேரன்பைப் பெற்றவர். உள்ளத்தை உருக்கும் ஹதீஸ்களை நிறைய அறிவிப்பார். இவை எங்கிருந்து வந்தன என்று ஒருநாள் கேட்டதற்கு, "பொதுமக்களின் உள்ளங்களை இளக்குவதற்காக நாங்கள் இட்டுக்கட்டியவை" என்று பதில் சொன்னார். அவர் இறந்த நாளில் பக்தாதின் கடைவீதிகள் அடைக்கப்பட்டன. ஊரே அழுது வழியனுப்பிய ஒரு மனிதர், நபியின் மீது பொய்யுரைத்ததைத் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டவர். நோக்கம் என்னவோ நல்லதுதான். ஆனால் "என்மீது வேண்டுமென்று பொய் சொல்கிறவன் தன் இருப்பிடத்தை நரகத்தில் தேடிக்கொள்ளட்டும்" என்ற நபிமொழியில் நல்ல நோக்கத்துக்கு என்று தனி விலக்கு எதுவும் இல்லை.

அந்தக் காலத்தில் இப்படிக் கதை சொல்லி உபதேசம் செய்தவர்களை குஸ்ஸாஸ் என்பார்கள். அவர்களால் வந்த தொல்லை எவ்வளவு என்றால், ஹிஜ்ரி 279இல், அதாவது 892இல், பக்தாதின் தெருக்களிலும் ஜும்ஆ பள்ளியிலும் கதை சொல்கிறவர்களும் சோதிடர்களும் உட்காரக்கூடாது என்று அறிவிப்பே செய்யப்பட்டது. வரலாற்றாசிரியர் தபரீ இதைப் பதிவு செய்திருக்கிறார். தபரீக்கும் இவர்களால் தொல்லை நேர்ந்ததாக ஒரு செய்தி உண்டு. ஒரு பேச்சாளர் குர்ஆன் வசனம் ஒன்றுக்குத் தவறான விளக்கம் சொன்னதை மறுத்து அவர் தம் வீட்டு வாசலில் ஒரு வரி எழுதிவைக்க, கூட்டம் கல்லெறிந்து வாசலையே கல்லால் மூடிவிட்டதாம். பின்னால் வந்த அறிஞர் சுயூத்தீ இதை எடுத்துச் சொல்கிறார்.

இவர்களைப் பற்றித் தனி நூலே எழுதியவர் இப்னுல் ஜவ்ஸி (ஹிஜ்ரி 597இல் மறைந்தவர்). அவர் யார் என்பது இங்கே மிக முக்கியம். மேடையைக் கண்டு பொறாமைப்பட்டு எழுதிய மூலையில் கிடந்த ஆசாமி அல்ல அவர். அவர் காலத்தில் பக்தாதிலேயே மிகப் பெரிய பேச்சாளர் அவர்தான். அந்தலூஸிலிருந்து (முஸ்லிம் ஸ்பெயினிலிருந்து) பயணம் வந்த இப்னு ஜுபைர் 1184இல் அவர் சபையில் அமர்ந்து பார்த்ததை எழுதியிருக்கிறார். மக்கள் விளக்கை மொய்க்கும் விட்டில் பூச்சிகள் போல அவர்மேல் விழுந்து, தவ்பா (பாவமன்னிப்புத் தேடல்) செய்து, தங்கள் முன்நெற்றி முடியைக் கத்தரிக்கக் கொடுத்தார்களாம். அப்படிப்பட்டவர்தான், தம் தொழிலில் இருப்பவர்களின் தந்திரங்களைப் பட்டியல் போட்டார். முகம் வெளுத்து வணக்கசாலிபோலத் தெரிவதற்காகச் சீரகப் புகை பிடிப்பவர்கள், முகர்ந்தால் கண்ணீர் வரும் பொருளை வைத்துக்கொண்டு அழுகிறவர்கள் என்று எல்லாவற்றையும் எழுதினார். கதையும் உபதேசமும் அடிப்படையில் நல்லவை, மக்களுக்குத் தேவையானவை என்றும் அவரே சொல்கிறார். அவருடைய கோபம் உபதேசத்தின் மீது அல்ல, அதைக் கெடுக்கிறவர்கள் மீது.

அவரையும் யாரும் விட்டுவைக்கவில்லை. இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைத் தொகுத்து எச்சரித்த அவரே, தம் உபதேச நூல்களில் அப்படிப்பட்ட ஹதீஸ்களைச் சேர்த்துவிட்டார் என்று பின்னால் வந்த ஸகாவீ விமர்சிக்கிறார். இன்னொரு பக்கம், இட்டுக்கட்டப்பட்டவை அல்லாத ஹதீஸ்களையும் அந்தத் தொகுப்பில் போட்டுவிட்டார் என்று இப்னு ஹஜரும் சுயூத்தீயும் திருத்தினார்கள். இதனால் இப்னுல் ஜவ்ஸியின் மதிப்பு குறைந்துவிடவில்லை. இன்றும் அவரை இமாம் என்றுதான் சொல்கிறோம். விமர்சிக்கப்பட்டால் ஒருவரின் கண்ணியம் போய்விடும் என்பது நம் காலத்துப் பயம். அவர்களுக்கு அது இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த விஷயத்தில் எனக்கே பாடமாக அமைந்த ஒரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்தாதின் ருஸாஃபா பள்ளியில் ஹதீஸ் கலையின் மேதைகளான அஹ்மத் பின் ஹன்பலும் யஹ்யா பின் மயீனும் தொழுதுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பேச்சாளர் எழுந்து, "அஹ்மத் பின் ஹன்பலும் யஹ்யா பின் மயீனும் எங்களுக்கு அறிவித்தார்கள்" என்று தொடங்கி, கலிமா சொன்னால் ஒவ்வொரு சொல்லிலிருந்தும் தங்க அலகு கொண்ட பறவை படைக்கப்படும் என்று நீட்டி முழக்குகிறார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பிறகு யஹ்யா அவரைக் கூப்பிட்டு, "நான்தான் யஹ்யா, இவர்தான் அஹ்மத். நாங்கள் இதைக் கேள்விப்பட்டதே இல்லையே" என்கிறார். அந்த ஆள் அசராமல், "யஹ்யா முட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன், இப்போதுதான் உறுதியானது. உலகத்தில் உங்களைத் தவிர வேறு அஹ்மதும் யஹ்யாவும் இல்லையா? நான் பதினேழு அஹ்மத் பின் ஹன்பல்களிடம் எழுதியிருக்கிறேன்" என்கிறார்.

பொய் ஹதீஸை எதிர்த்துப் பேசுகிறவர்கள் எல்லோரும் விரும்பிச் சொல்லும் சம்பவம் இது. நானும் பல வருடங்கள் சொல்லியிருக்கிறேன். பிறகுதான் ஹதீஸ் அறிவிப்பாளர்களை ஆராய்ந்த அறிஞர் தஹபீ இதைப் பற்றி எழுதியதைப் படித்தேன். இதன் அறிவிப்பாளர்களில் ஒருவர் யாரென்றே தெரியாதவர், இந்தக் கதையை அவரே இட்டுக்கட்டியிருக்கலாம் என்று அஞ்சுகிறேன் என்கிறார் தஹபீ. பொய்க் கதையை எச்சரிக்க நாம் சொன்ன கதையே சந்தேகத்துக்குரியது! சொல்ல வசதியாக இருந்ததாலும், நம் பக்கத்துக்குச் சாதகமாக இருந்ததாலும் யாரும் ஆதாரம் பார்க்கவில்லை, நானும்தான். அன்றிலிருந்து மேடையில் இருப்பவரைத் திருத்தப் போகும்போதெல்லாம் முதலில் என் கையில் இருப்பதைச் சரிபார்க்கிறேன்.

இனி நம் காலத்துக்கு வருவோம். உங்கள் வீட்டில் ஓடிய பயானில் என்ன சம்பவம் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் எது வரும் என்று எனக்குத் தெரியும். நபியவர்கள் போகும் வழியில் ஒரு மூதாட்டி தினமும் குப்பையைக் கொட்டுவார், ஒருநாள் கொட்டவில்லை, நபியவர்கள் விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், மூதாட்டி நோயில் கிடந்தார், நபியின் குணத்தைப் பார்த்து இஸ்லாத்தை ஏற்றார் என்ற கதை. எந்த ஊர் மக்தபில் ஓதிய பிள்ளைக்கும் இது தெரியும். மாற்று மத நண்பர்களிடம் நபியை அறிமுகப்படுத்தும்போதும் இதைத்தான் சொல்கிறோம். ஆனால் அறியப்பட்ட ஹதீஸ் தொகுப்புகளில் இதற்கு அறிவிப்பாளர் தொடர் இல்லை.

அதனால் என்ன, நல்ல கருத்துதானே என்பார்கள். என்ன நஷ்டம் என்று சொல்கிறேன். ஸஹீஹுல் புகாரியில் அனஸ் (ரலி) அறிவிக்கும் ஒரு செய்தி இருக்கிறது. நபியவர்களுக்குப் பணிவிடை செய்துவந்த ஒரு யூதச் சிறுவன் நோயுற்றான். நபியவர்கள் அவனைப் பார்க்கப் போனார்கள், தலைமாட்டில் உட்கார்ந்தார்கள், "இஸ்லாத்தை ஏற்றுக்கொள்" என்றார்கள். சிறுவன் பக்கத்தில் இருந்த தன் தந்தையைப் பார்த்தான். தந்தை, "அபுல் காசிம் (நபியவர்களின் மற்றொரு பெயர்) சொல்வதைக் கேள்" என்றார். சிறுவன் ஏற்றுக்கொண்டான். "இவனை நரகத்திலிருந்து காப்பாற்றிய அல்லாஹ்வுக்கே புகழ்" என்று சொல்லிக்கொண்டே நபியவர்கள் வெளியே வந்தார்கள்.

இதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். நோயாளியைப் போய்ப் பார்ப்பது, வேற்று மதத்துப் பையனை வேலைக்கு வைத்திருந்தது, தலைமாட்டில் உட்காரும் அந்த நெருக்கம், மகன் தந்தையின் முகத்தைப் பார்க்கும் அந்த ஒரு கணம், தந்தையின் பெருந்தன்மை. கற்பனையால் இப்படி ஒரு காட்சியை உண்டாக்க முடியாது. குப்பைக் கதை பரவிப் பரவி இந்த உண்மைச் சம்பவத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தச் சிறுவனைத் தெரியும்? பொய்யான கதையின் கேடு அது பொய் என்பதோடு நின்றுவிடாது. உண்மையைத் தேடிப் போகும் தேவையையே அது இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

இன்னொரு வகை உண்டு. நீல் ஆம்ஸ்ட்ராங் நிலாவில் பாங்கு சத்தம் கேட்டு இஸ்லாத்தை ஏற்றார் என்று எத்தனை மேடைகளில் கேட்டிருப்போம்! நிலாவில் காற்றே இல்லை, ஒலி எப்படிக் கேட்கும் என்பது ஒருபுறம். ஆம்ஸ்ட்ராங்கே இதை மறுத்தார். 1983இல் அமெரிக்க வெளியுறவுத் துறை முஸ்லிம் நாடுகளில் உள்ள தன் தூதரகங்களுக்கு இது உண்மையல்ல என்று தகவலே அனுப்பியது. நாற்பது வருடங்கள் கழித்தும் அந்தக் கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளை ஒருநாள் தேடிப் பார்ப்பான். இது பொய் என்று தெரிந்ததும், அதே மேடையில் கேட்ட குர்ஆனையும் ஹதீஸையும் அவன் எந்தக் கண்ணால் பார்ப்பான்? இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வருகிறது.

கதைகளோடு முடிந்துவிடுவதில்லை. பிரபலமான பேச்சாளர் ஒரு தீர்ப்பைச் சொன்னால் அதன் பாரம் யார் தலையிலாவது விழும். 2020 ஏப்ரலில் பாகிஸ்தானில் பிரதமர் இம்ரான் கான் கொரோனா நிதி திரட்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சியில், உலகம் முழுக்க ரசிகர்கள் உள்ள மவ்லானா தாரிக் ஜமீல் துஆ செய்தார். அப்போது சமுதாயத்தில் பரவியிருக்கும் பொய்யையும் பெண்களின் வெட்கமின்மையையும் அந்தச் சோதனையோடு முடிச்சுப் போட்டுப் பேசினார். ஊடகங்கள் பொய் சொல்கின்றன என்றதற்குப் பத்திரிகையாளர்களிடம் பிறகு மன்னிப்புக் கேட்டார். அவ்வளவு பெரிய மனிதர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது மதிக்க வேண்டிய குணம். ஆனால் பெண்களைப் பற்றிச் சொன்னது மார்க்க அறிவின்படி நிற்குமா? ஹிஜ்ரி 18இல் ஷாம் பகுதியில் அம்வாஸ் கொள்ளைநோய் வந்தது. அபூஉபைதாவும் முஆத் பின் ஜபலும் (ரலி) அதில்தான் இறந்தார்கள். நபியின் தோழர்களிலேயே தலைசிறந்தவர்கள். யாருடைய வெட்கமின்மைக்காக அவர்கள் இறந்தார்கள் என்று எவராவது கேட்பாரா? கொள்ளைநோயில் பொறுமையோடு தன் ஊரில் இருப்பவருக்கு ஷஹீதின் கூலி உண்டு என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. இன்ன கூட்டத்தால்தான் இந்த நோய் வந்தது என்று விரல் நீட்டுவதற்கு வஹீ (இறைச்செய்தி) வேண்டும். அது நம்மில் யாருக்கும் வருவதில்லை. இப்படிச் சொல்வது அந்த மவ்லானாவின் தக்வாவைக் (இறையச்சத்தைக்) குறைசொல்வதாகாது. அவர் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பற்றிய பேச்சு இது.

இன்னும் கனமான ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இலங்கையில் காத்தான்குடியைச் சேர்ந்த ஸஹ்ரான் ஹாஷிம் தமிழில் பேசியவர், நம் மொழியில். இணையத்தில் அவர் பேச்சுகளுக்கு ஆள் சேர்ந்தது. ஆரம்பத்தில் அவர் தாக்கியது சக முஸ்லிம்களைத்தான், குறிப்பாக சூஃபி வழியில் உள்ளவர்களை. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் அது வாள்வெட்டு மோதல்வரை போனது. அவரைப் பற்றி முதலில் புகார் சொன்னவர்களும், எச்சரித்தவர்களும், எதிர்த்து நின்றவர்களும் அந்த ஊர் முஸ்லிம்களே. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று அவரும் அவர் கூட்டத்தாரும் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடத்திய குண்டுவெடிப்புகளில் 260க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த எச்சரிக்கையை அன்று "புறம் பேசாதீர்கள், நம் ஆளை நாமே காட்டிக்கொடுக்கலாமா" என்று தட்டியவர்கள் இருந்திருப்பார்களே, அவர்களைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கதை சொல்லும் ஹஸ்ரத்தையும் அந்தக் கொலைகாரனையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. மேடையில் இருப்பவரைக் கேள்வி கேட்கும் பழக்கம் ஒரு சமுதாயத்தில் செத்துப்போனால், தேவைப்படும் நாளில் அதை எங்கிருந்து கொண்டுவருவது என்பதுதான் என் கவலை.

அப்புறம், உங்கள் அத்தாவின் பக்கம். விமர்சனம் என்ற பெயரில் இன்று யூடியூபில் நடப்பதில் பெரும்பகுதி அவர் பயப்படுவதுபோலவே இருக்கிறது. ஒரு மணி நேரப் பேச்சில் இருபது வினாடியை வெட்டி எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, "முகத்திரை கிழிந்தது" என்று தலைப்பு வைக்கிறார்கள். அதில் பேச்சாளரின் மனைவி வருவார், மகன் வருவான், அவர் வாங்கும் கார் வரும். ஆதாரம் மட்டும் வராது. தன் இயக்கத்துப் பேச்சாளர் அதே தவறைச் செய்தால் அங்கே கேமரா திரும்பாது. இதைத்தான் தஹபீ எச்சரித்தார்: ஒரே காலத்தில் வாழ்கிறவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்வதை, அதிலும் பகையோ மத்ஹபோ பொறாமையோ காரணம் என்று தெரிந்தால், கணக்கில் எடுக்க வேண்டாம் என்றார். இப்னு தகீகுல் ஈதின் வார்த்தை இன்னும் நடுங்க வைப்பது. முஸ்லிம்களின் மானம் நரகக் குழிகளில் ஒரு குழி, அதன் விளிம்பில் இரண்டு கூட்டத்தார் நிற்கிறார்கள், ஹதீஸ் அறிஞர்களும் நீதிபதிகளும் என்றார். விமர்சனம் கடமை என்று சொன்ன அதே கலையின் ஆட்கள்தான் இதையும் சொன்னார்கள்.

ஆகவே நீங்கள் பேசும்போது சொன்னதைப் பற்றி மட்டும் பேசுங்கள், சொன்னவரின் உள்ளத்தைத் தொடாதீர்கள். "இவர் பொய்யர்" என்பதும் "இந்தச் செய்திக்கு ஆதாரம் கிடைக்கவில்லை" என்பதும் வேறு வேறு. பேச்சை முழுதாகக் கேட்டபிறகு பேசுங்கள். முடிந்தால் அவருக்கே மரியாதையாக எழுதிக் கேளுங்கள்: "ஹஸ்ரத், இந்தச் சம்பவம் எந்தக் கிதாபில் இருக்கிறது?" பலர் பதில் சொல்வார்கள், சிலர் நன்றியும் சொல்வார்கள். உங்களுக்குத் தெரியாத கிதாபு அவர் கையில் இருக்கவும் வாய்ப்புண்டு. அவர் திருத்திக்கொண்டால் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அவர் பதில் சொல்லாமல் போனாலும், பரவியது பொதுவில் என்பதால் திருத்தமும் பொதுவில் வரலாம், அந்தச் செய்தி அளவில் மட்டும்.

அத்தாவிடம் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அவர் அந்தப் பேச்சாளரிடம் என்ன பெற்றார் என்று உங்களுக்குத் தெரியாது. ஒருவேளை அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவர் ஃபஜ்ருக்கு எழுந்திருக்கத் தொடங்கினாரோ என்னவோ. "நீங்கள் நம்பியது பொய்" என்று மகன் சொல்லும்போது, "உங்கள் அழுகையும் பொய்" என்றுதான் அவர் காதில் விழும். ஸஹீஹுல் புகாரியை சென்னை ரஹ்மத் அறக்கட்டளை தமிழில் வெளியிட்டிருக்கிறது, ஊர்ப் பள்ளிவாசல் அலமாரியிலேயே இருக்கக்கூடும். ஜனாஸா பகுதியில் அந்த யூதச் சிறுவனின் ஹதீஸ் வரும். இன்று இஷாவுக்குப் பிறகு, பயானை நிறுத்தச் சொல்லாமல், "அத்தா, இதைக் கொஞ்சம் சத்தமாக வாசிங்களேன்" என்று அவர் கையில் கொடுங்கள்.